மெஷினுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை விடிந்தால் பாஞ்சாலிக்கு முதல் வேலை பெரிய பிரஸ்ஸுக்குப் பொட்டு வைப்பது. பிரஸ் என்றதும் துணி தேய்க்கிற பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புத் தகட்டைக் கீழே வைத்தால் மேலேயிருந்து ஒரே அடியில் வளைத்துக் கொடுக்கிற இயந்திரம் அது. இரண்டு ஆள் உயரம். பிள்ளைப்பாக்கத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டுக்குள் அது அடிக்க ஆரம்பித்தால் எதிர்ப்புற டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் நடுங்கும்.

அதன் முன்பக்கம் கைக்கு எட்டுகிற உயரத்தில், நெற்றி மாதிரியான இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு பதித்திருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சந்தனம் வழுக்கி இறங்கிவிடும். தகட்டில் மட்டும்தான் நிற்கும். அதனால் மெஷின் வந்த முதல் வெள்ளியிலிருந்தே அந்தத் தகட்டில்தான் சந்தனம், நடுவில் குங்குமம். வாராவாரம் வைத்து வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் காய்ந்த சந்தனம் தோலாகப் படிந்து கிடந்தது.

அன்றைக்குக் கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தாள். ஓசூரிலிருந்து ஆள் வருகிறது. கம்பெனிக்கு விலை பேச.

"இன்னாமா, கல்யாணப் பொண்ணுக்கு அப்புறா மாதிரி அப்புற?" என்றான் அண்ணன் தசரதன், ஷட்டரைத் தூக்கிவிட்டபடி.

"பொண்ணு பாக்கத்தானே வராங்கோ. மூஞ்சி பளிச்சுனு இருக்கட்டும்ண்ணா."

தசரதன் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு இவர்கள் கார் சீட்டின் அடியில் வைக்கிற இரும்புப் பிராக்கெட் அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கார் மாடலை நிறுத்தப் போகிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. மாடல் நின்றால் பிராக்கெட் நிற்கும். பிராக்கெட் நிற்பதற்குள், ஓடுகிற கம்பெனியாக இதை விற்றுவிட வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு ஷெட் தேவைப்பட்டது. கடவுள் பார்த்து அனுப்பிய மாதிரி இருந்தது.

கம்பெனி அண்ணன் தங்கை இருவர் பெயரிலும் பாதிப்பாதி. அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா நிலம் விலைபோனபோது, அந்த ஊரில் எத்தனையோ அண்ணன்மார்கள் தங்கைக்கு ஒரு புடவையும் இரண்டு கிராம் கம்மலும் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தசரதன் அப்படிச் செய்யவில்லை. பத்திர ஆபீஸ் வாசலிலேயே அவள் பங்கைச் சரிபாதியாக எடுத்துக் கொடுத்தான். அதனால்தான் பாஞ்சாலி அதை அப்படியே அவன் தொழிலில் போட்டாள். இவ்வளவு நேர்மையாகக் கொடுத்தவன் கையில் இருப்பதும் என் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று நினைத்தாள். தசரதனை யாரும் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையில் கெட்டவர்கள் இல்லை. இருந்திருந்தால் யாரையாவது திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

இப்போது விற்றால் வருகிற பாதியில் பாஞ்சாலிக்கு ஒரு மனை. சிங்கப்பெருமாள் கோவில் போகிற வழியில், வேப்பமரத்தடியில், நான்கு மூலையிலும் கல் நட்டுப் போட்டிருந்த ஒரு சின்ன மனை. அவள் கணவன் பச்சையப்பன் ஸ்டேஷனுக்கும் ஃபேக்டரிகளுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் வண்டியில் இருக்கிற நாட்களில் அந்த மனை வந்ததும் வேகத்தைக் குறைப்பான். ஆட்டோவில் இருக்கிறவர்கள் கத்துவார்கள்.

"யோவ், ஷிஃப்டுக்கு லேட்டாவுது. இங்க இன்னாய்யா வேடிக்க?"

"எங்க வூடு சார். தண்ணி குடிச்சிட்டுப் போலாமா?" என்பான் பச்சையப்பன், வெறும் புல்தரையைக் காட்டி. பாஞ்சாலி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

வாடகை ரூமில் மகளைப் பெற்று, வாடகை ரூமிலேயே அவளைக் கட்டிக் கொடுத்தவள் பாஞ்சாலி. அந்த மனை அவளுக்கு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

ஓசூர் ஆள் பெயர் கோபிநாத். நாற்பது வயது இருக்கும். காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தார். பாஞ்சாலிக்கு அவரைப் பிடித்துப்போனது.

பழைய சின்ன பிரஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வேலைசெய்கிற பெண்களிடம் பேசினார். சந்தனமாரி என்று தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பழைய பிரஸ்ஸில் உட்கார்ந்தவள், "சார், கம்பெனி கைமாறினா எங்கள வச்சிக்கிடுவீயளா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"உங்கள வெச்சிக்காம மெஷின நானா ஓட்டுவேன்?" என்றார் கோபிநாத். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு பெரிய பிரஸ்ஸின் முன்னால் வந்து நின்றார். "இதுதான் சார் நம்ம ராஜா," என்றான் தசரதன். "இத வெச்சித்தான் மத்ததெல்லாம். கிரேன்ல எறக்கி நிறுத்திட்டு அப்பறந்தான் அந்தப் பக்கச் செவுரே எழுப்பினோம். வாசல் வழியா வெளிய போவாது. செவுத்த இடிச்சாத்தான் உண்டு."

கோபிநாத் அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் பொட்டைப் பார்த்தார். "மன்னிச்சிக்குங்கக்கா," என்று பாஞ்சாலியிடம் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் பொட்டின் ஓரத்தைத் தேய்த்தார். சந்தனத் தோல் பெயர்ந்தது. அடியில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு தெரிந்தது. இன்னும் தேய்த்தார்.

அவர் முகம் மாறியதைப் பாஞ்சாலி பார்த்தாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கும்போது மாறுமே, அப்படி.

"சார், இது உங்க மெஷின் இல்லையா?"

"நம்மளுதுதான் சார். நம்ம ஷெட்லதானே நிக்குது?" என்றான் தசரதன்.

"தகட்டுல ஒரகடம் கம்பெனி பேரு இருக்குதே. அவங்க சொத்துன்னு நம்பர் போட்டுருக்குது."

"அது செஞ்ச கம்பெனி பேருன்னு இல்ல நான் நெனச்சேன்," என்றாள் பாஞ்சாலி. அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த தகட்டுத் துண்டு ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

*

பெரிய பிரஸ் ஒன்று வாங்க முதலில் பேங்கில் கடன் தருவதாகத்தான் இருந்தது. மெஷினையே அடமானமாக வைத்துக்கொள்கிறோம், இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். பாஞ்சாலி கையெழுத்துப் போட ஆதார் கார்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைசியில் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். மெஷின் மேல் பேங்க் பெயரைப் பெயின்டில் எழுத வேண்டும். இந்த இயந்திரம் எங்களிடம் அடமானம் என்று, வருகிறவர் போகிறவர் பார்க்கிற மாதிரி. அது அவர்கள் வழக்கம்.

தசரதன் எழுந்து வந்துவிட்டான். அவர்கள் ஊரில் பேங்க் பெயர் ஒரு வீட்டோடு சேர்த்துத் தெருவில் பேசப்பட்டால் அது நகை ஏலத்துக்குத்தான். அப்பாவின் பெயர் ஒருமுறை அப்படி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்ததை இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தவர்கள்.

"அப்பா நெலத்துக் காசு. அதுல வர மெஷினு மேல பேங்க் பேர எழுதிக்கினு, அதுக்கு நீ எப்படிம்மா பொட்டு வெப்ப?" என்று கேட்டான். பாஞ்சாலிக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த மாதமே பெரிய பிரஸ் வந்து இறங்கியது. "ஒரகடத்துக்காரங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்கோ. கடன் இல்ல, வட்டி இல்ல. ஒரு பிராக்கெட்டுக்கு இவ்ளோன்னு தர ரேட்டுல கொஞ்சம் கொறச்சிக்கிறாங்கோ, அவ்ளோதான்," என்று சொன்னான். ரேட்டில் கழித்துக்கொண்டே வருகிறார்கள், ஒருநாள் கழிந்து முடிந்துவிடும், மெஷின் நம்முடையதாகிவிடும் என்று அவனும் நம்பினான். அவர்கள் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டால், சொல்லவில்லை. இவன் கேட்கவுமில்லை. கேட்டால் கடன் மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

*

டீ வந்தது. மூவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கோபிநாத் கிளம்பிப் போயிருக்கலாம். விலை பேச வந்தவர், சரக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயமில்லை. மோர் குடித்த கடனோ என்னவோ, உட்கார்ந்தார்.

"சார், கடனே வாங்காத கம்பெனி இது," என்றான் தசரதன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இந்த ஏரியாவுல எவன்னா ஒருத்தன காட்டுங்க, இஎம்ஐ இல்லாம ஓட்றவன."

"அதுதான் சார் கஷ்டமா இருக்குது." கோபிநாத் டீயை ஆற்றினார். "கடன் இருந்திருந்தா, மொத்த வெலையில அத கழிச்சிக்கினு மிச்சத்த கொடுத்திருப்போம். இங்க கழிக்கவும் ஒண்ணுமில்ல, கொடுக்கவும் ஒண்ணுமில்ல."

பாஞ்சாலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "எனுக்குப் புரியிறா மாதிரி சொல்லுங்க சார். மெஷினு ஒண்ணுதானே? பேங்க்ல வாங்கி இருந்தாலும் இதே மெஷினு, இதே பிராக்கெட்டு, இதே சந்தனமாரி. அப்போ வெல இருந்திருக்கும், இப்போ இல்லன்னா எப்படி?"

"அக்கா, பேங்க்காரன் இன்னா கேப்பான்? வட்டி கேப்பான். மாசா மாசம் கட்டினா, நீங்க யாருக்கு வேல செய்றீங்கன்னு எட்டிக்கூடப் பாக்க மாட்டான். கடன் அடஞ்சதும் போயிடுவான், மெஷின் உங்க கையில நிக்கும். நாங்க வந்தா அத வெச்சி வேற பத்து பேருக்கு அடிச்சிக் கொடுப்போம். அதுக்குத்தான் வெல. இங்க காசு போட்டவன் உங்க கஸ்டமர். அவன் வட்டி கேக்கல, உண்மைதான். இந்த மெஷின்ல என் வேலையத் தவிர வேற யாரு வேலையும் ஓடக்கூடாதுன்னு கேட்டிருப்பான். கேட்டானா இல்லையா, சார்?"

கேட்டான் என்று தசரதன் தலையை ஆட்டினான்.

பாஞ்சாலிக்கு அப்போதுதான் பழசு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பைக் கம்பெனி ஆள் ஒருவர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வந்தார். அண்ணன் முடியாது என்று திருப்பி அனுப்பினான். நமக்கு இருக்கிற வேலையே போதும் என்று சொன்னான். இவள் அதைப் போதுமென்ற மனசு என்று எடுத்துக்கொண்டாள்.

"ரேட்டுல கழிச்சிக்கினே வராங்களே சார். இந்நேரம் மெஷின் காசு கழிஞ்சிருக்கணுமே," என்றான் தசரதன்.

"அது கழிவு இல்ல சார். குறைஞ்ச ரேட்டு, அவ்ளோதான். அதுலதான் உங்க லாபமும் ஒல்லியாப் போயிருக்குது. மெஷின் கடைசி வரைக்கும் அவங்களுதுதான். மாடல் நின்னா எடுத்துக்கினு போவாங்க. அப்பறம் இங்க இருக்கிறது இன்னா? வாடக மனையில ஒரு ஷெட்டு, நாலு பழைய பிரஸ்ஸு. அத நான் எங்க கம்பெனிக்கு எப்படி எழுதுவேன்?"

"எடுத்துக்கினு போவாங்களா?" தசரதன் மெதுவாகச் சிரித்தான். "செவுத்த இடிச்சாத்தான சார் போவும்? அவன் காசு என் எடத்துல கெடக்குது. நெல யாவாரத்துல பாத்திருக்கேன். எவன் காசு மொதல்ல எறங்குதோ அவன்தான் சார் மாட்டினவன். அவன் இந்த எடத்த வுட்டுட்டு எங்க போவான்?"

பாருங்கள், இதுதான் அவனைக் கெடுத்தது. நிலம் வாங்க வருகிறவன் முன்பணம் போட்டால் அவன்தான் தவிப்பான். விற்கிறவன் நிம்மதியாக இருப்பான். பிள்ளைப்பாக்கத்தில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். நிலம் நகராது. மெஷினை நகர்த்தலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருக்கத்தான் சுவரை எழுப்பினானோ என்னவோ.

கோபிநாத் சுவரை ஒருமுறை பார்த்தார். கிளம்பும்போது பாஞ்சாலியிடம், "நல்லா வேல செய்றீங்கக்கா. அதுல ஒரு கொறையும் இல்ல," என்றார். அதைச் சொல்லாமல் போயிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

*

அன்று சாயங்காலம் பச்சையப்பன் ஆட்டோவை ஷெட் வாசலில் நிறுத்தினான். அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"இன்னா மச்சான், என் பொஞ்சாதி மூஞ்சிய இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்கோ? ஓசூர்காரன் மோர்ல உப்பு இல்லன்னு போயிட்டானா?"

"மாப்ள," என்றான் தசரதன்.

பாஞ்சாலிதான் பேசினாள். "ஏன்ண்ணா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி இருந்தா இன்னா பண்ணி இருப்ப?"

"பேங்க்ல எழுதச் சொல்லி இருப்பேன். எழுதினா எழுதிட்டுப் போறான். கடன கட்டி முடிச்ச அன்னிக்கு நானே பெயின்ட்ட சொரண்டி எடுத்துட்டு, அந்த எடத்துலயே பொட்டு வெச்சிருப்பேன்."

"அன்னிக்கு நீயும் இன்னா சொன்ன? சரின்னுதான சொன்ன?"

சரி என்று அவள் சொன்னாள்தான். நோட்டீஸ் பலகையில் அப்பா பெயரை அவளும்தானே பார்த்தாள்.

"உன்னோட பங்க நான் எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தான் தசரதன்.

"வாணாம் மச்சான்," என்றான் பச்சையப்பன், இந்த முறை விளையாட்டு இல்லாமல். "சொல்லாதீங்கோ. சொல்லிட்டா அப்பறம் அத நெனச்சிக்கினே இருப்பா."

அடுத்த வெள்ளிக்கிழமை பாஞ்சாலி மறுபடி பொட்டு வைத்தாள். கோபிநாத் தேய்த்த இடத்தையும் சேர்த்து மூடி வைத்தாள். பழக்கமா, வேண்டுதலா, அவளுக்கே தெரியாது. அதற்கு அடுத்த வெள்ளியும் வைத்தாள். மாடலை நிறுத்துவதைத் தள்ளிப்போடுகிறார்களாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. இரண்டு வாரம் அந்தப் பேச்சில் ஓடியது. வேறு யாராவது வாங்க வருவார்களா என்று தசரதன் தண்டலம், வல்லம் என்று அலைந்தான். எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் பொட்டைத் தேய்த்துப் பார்த்தார்கள். பொட்டைத் தேய்த்தவர்கள் யாரும் திரும்ப வரவில்லை.

*

கடைசியில் மாடல் நின்றது. ஒரகடம் கம்பெனி கிரேன் அனுப்பியது. கூட வந்த ஆபீசர் மரியாதையான பையன்தான். காகிதத்தைக் காட்டினான். மெஷினை வெளியே எடுக்க வழி செய்து கொடுக்க வேண்டியது ஷெட்காரர் பொறுப்பு என்று அதில் தசரதனே கையெழுத்துப் போட்டிருந்தான்.

சுவரை இடிக்கக் கூலிக்கு ஆள் வைக்க முடியவில்லை. தசரதனே சம்மட்டியை எடுத்தான். பச்சையப்பன் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து கடப்பாரை பிடித்தான். நல்ல சுவர். இருவரும் வேர்த்து வழிந்தார்கள். முதல் கல் விழுந்ததும், இத்தனை வருஷமும் பகலிலேயே டியூப்லைட் எரிந்த ஷெட்டுக்குள் வெயில் வந்து பிரஸ்ஸின் மேல் விழுந்தது. சந்தனமாரியும் மற்றவர்களும் வெளியே வேலிப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பிரஸ்களை எடைக்குப் போட்ட காசு அவர்கள் சம்பளக் கணக்கைத் தீர்க்கத்தான் சரியாக இருந்தது. "போயிட்டு வாரேன்க்கா," என்று சந்தனமாரி பல தடவை சொன்னாள், போகவில்லை.

ஆபீசர் பையன் போனை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் வந்தான். தகட்டைப் பார்த்துத் தயங்கினான்.

"மேடம், இந்த நம்பர் போட்டோ எடுக்கணும். இல்லன்னா கம்பெனி கேட்டுல உள்ள விட மாட்டாங்க. தெரியலையே."

"இருங்க சார்," என்றாள் பாஞ்சாலி.

ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். மேல் சந்தனம்தான் போனது. அடியில் இருப்பது வருஷக்கணக்கானது, கல் மாதிரி. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டாள். பிறகு தலையிலிருந்து கொண்டை ஊசியைக் கழற்றி, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விட்டுச் சுரண்டினாள். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. எழுத்துக்கள் ஒன்றொன்றாக வந்தன. கடைசியில் நம்பர் வந்தது. முந்தானை நுனியால் பளபளக்கத் துடைத்துவிட்டாள்.

தசரதன் சம்மட்டியை ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான். "நீ ஏன்மா தொடைக்கிற? அவனுங்க தொடச்சிக்கட்டும்."

"வெச்சது நான்தானண்ணா," என்றாள்.

பையன் போட்டோ எடுத்துக்கொண்டான். "தேங்க்ஸ் மேடம், சூப்பரா வந்திருக்கு," என்றான்.

லாரி போன பிறகு தசரதன் உடைந்த சுவரின் கற்களை ஒரு ஓரமாக அடுக்க ஆரம்பித்தான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. மனைக்காரர் ஷெட்டைக் காலிசெய்யச் சொல்லியாகிவிட்டது. பாஞ்சாலி சந்தனக் கிண்ணத்தைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வழியில் ஷிஃப்ட் முடிந்த மூன்று பேர் ஏறினார்கள். அவள் நகத்திடுக்கில் சந்தனம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேப்பமரம் வந்தது. பச்சையப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.